மணக்குது

தெலுக் பஹாங் தாண்டி மலை வளைவில் ஏறும்போதே
எனக்குத் தெரிந்துவிட்டது.
"என்னமோ மணக்குது" என்றேன்.
"டுரியான் காலம்" என்றார் இவர்,
கியரை மாற்றிக்கொண்டே.

டுரியான் எனக்குத் தெரியாதா?
இது வேறு. தொண்டையின் பின்பக்கம் போய்
ஆணி அடிக்கிற வாசம்.

ரொட்டி விற்ற பழைய வேன் இது.
கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு
இதற்குள் கட்டில் போட்டோம்,
அலமாரிக்குக் கொக்கி வைத்தோம்,
அடுப்பு, கேஸ் தோம்பு,
முருகன் படத்துக்குக் கீழே கையளவு விளக்கு.
எல்லாவற்றுக்கும் அடியில்
நாற்பது லிட்டர் எண்ணெய் படுத்திருக்கிறது என்று
யார் நினைத்தார்கள்?

பாலிக் புலாவ் இறக்கத்தில், ரம்புத்தான் மரத்தடியில்
ஓரங்கட்டினோம். மணி ஏழரை.
டார்ச் அடித்தால்
தொட்டியின் மூட்டில் ஒரு துருப்பொட்டு.
அதன் நுனியில் ஒரு சொட்டு
தயங்கி, பெருத்து, விழுந்தது.
எண்ணினேன். பதினொன்றில் அடுத்தது.
தாரில் வானவில் பரவியது.
கடந்துபோன மோட்டார் வெளிச்சத்தில்
அழகாகத்தான் இருந்தது.

விளக்கை அணை. தோம்பை மூடு.
பேட்டரி வயரைக் கழற்று.
அடியில் மைலோ டின்னை வை.
எல்லாம் சொன்னது நான்.
இவர் கேட்கிறார்:
"அவ்வளவு வாசமாவா இருக்கு?"

டின்னைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன்.
தலையைக்கூடப் பின்னால் இழுக்கவில்லை மனிதர்.

"ரெண்டு வருசமா எனக்கு
மூக்கு இல்லை, தவமணி."

அந்தக் காய்ச்சலில் போனதாம்.
மற்றவர்களுக்குத் திரும்பியது
இவருக்குத் திரும்பவில்லையாம்.

ரெண்டு வருசம்.
நான் ரசம் தாளிக்கும்போதெல்லாம்
கேட்டைத் திறந்துகொண்டே "மணக்குது" என்றவர்.
ஒருநாள் வெங்காயம் கருகிக் கரியாகிவிட்டது.
அன்றைக்கும் சொன்னார்.

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டும்போது
யாரோடு சண்டை போடுவது?

"சவர்க்காரம் எடு" என்றார்.
துணி துவைக்கிற மஞ்சள் கட்டி.
மல்லாக்கப் படுத்து உள்ளே ஊர்ந்தார்.
துருப்பொட்டில் தேய்த்தார், தேய்த்தார்,
கட்டைவிரலால் அப்பி அழுத்தினார்.
பதினொன்று. இருபது. அறுபது.
"எண்ணினது போதும்,
காலைப் பிடித்து இழு" என்றார்.

வேனுக்குள் படுக்கப் பயம்.
மடக்கு நாற்காலிகளைத் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டு
காய்ந்த பன்னைப் பிய்த்துத் தின்றோம்.
சிகரெட்டோடு வந்த ஒருவரை
ரோட்டுக்கு நடுவில் ஓடி, கைகாட்டி நிறுத்தினேன்.
ஷா ஆலமிலிருந்து மகள் கூப்பிட்டாள்:
"இன்னைக்கு என்னம்மா சமையல்?"
ரசம் என்றேன்.
எவ்வளவு சுளுவாக வருகிறது.

விடிவதற்குள் நாலு தரம் போய்
முகர்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.
நாலு தரமும் என் முகத்தையே பார்த்திருந்தார்,
டாக்டர் அறையிலிருந்து யாரோ வெளியே வருவதுபோல.

காலையில் ஆ லெக்கின் வொர்க்ஷாப்.
தொட்டியை இறக்கினான். சவர்க்காரத்தைச் சுரண்டிக்கொண்டே
"யார் வேலை இது, அங்கிள்?" என்று சிரித்தான்.
கழுவி, தண்ணீர் நிரப்பி, ஈயம் வைத்தான்.
தொண்ணூறு வெள்ளி.

அதுவரை எதிர்க்கடையில் லக்சா.
புளியும் மீனும் புதினாவும்
ஆவியாக ஏறி என் கண்ணைக் கரித்தன.
"மணக்குதா?" என்றேன், வேண்டுமென்றே.
மங்கை முகத்தருகே தூக்கி
நெடுநேரம் வைத்திருந்தார்.
"இல்லை."
பிறகு ஒரு வாய் குடித்து,
"புளிப்பு தெரியுது. சூடு தெரியுது."
"ஆறிடும், சாப்பிடுங்க."

மிச்சக் கட்டியில்
இவர் கட்டைவிரல் பள்ளம் அப்படியே இருக்கிறது.
குழாயடியில் வைத்திருக்கிறோம்.
எத்தனை தரம் கழுவியும் அதில் எண்ணெய் வாசம் போகவில்லை.
தினமும் அதைப் போட்டுத்தான்
சுத்தமாகக் கை கழுவிக்கொண்டு வருகிறார்.
நான் இன்னும் சொல்லவில்லை.